பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஹாஸ்யமும் இனப் பரிகாசமும்: 1965 முதலான வரலாறு

லண்டனின் கிழக்குப் பகுதியில் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த ஜானி ஸ்பெய்ட், தாம் கண்டு வளர்ந்த சூழலின் துவேஷங்களையெல்லாம் ஓர் உருவில் திரட்டி, கறுப்பரையும் யூதரையும் ஐரிஷ்காரரையும் வாய் ஓயாது ஏசுகின்ற ஆல்ஃப் கார்னெட் என்னும் பாத்திரத்தை 1965-ல் பி.பி.சி. தொலைக்காட்சிக்கென்று படைத்தார். மறு ஆண்டு 'டில் டெத் அஸ் டூ பார்ட்' என்னும் தொடராக விரிந்த அந்நாடகத்தில், ஆல்ஃப் பேசப் பேச அவனுடைய அஞ்ஞானமே அம்பலமாகி, சிரிப்பு முழுவதும் அவன் தலைமீதே விழும் என்பது ஆசிரியரின் எண்ணம். அவ்வேடத்தை ஏற்ற வாரன் மிட்செல் தாமே யூத வம்சத்தவர் என்பது அவ்வெண்ணத்தின் நேர்மைக்குச் சாட்சி. ஆயினும், கறுப்பர்களை நன்றாகச் சாடினீர்கள் என்று வழியில் கண்டோர் தம்மைப் பாராட்டியதையும், நாங்கள் பரிகசிப்பது உம்மைப் போன்றோரைத்தான் என்று தாம் விடையிறுத்ததையும் மிட்செல் கூறியிருக்கிறார்.

இது ஒரு நடிகரின் தனி அனுபவம் மட்டுமன்று. அத்தொடரைத் தழுவி 1971-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஆல் இன் த ஃபேமிலி'யைப் பற்றி நீல் விட்மர், மில்ட்டன் ரோக்கீச் என்னும் உளவியலறிஞர் இருவர் 1974-ல் வெளியிட்ட ஆய்வு, துவேஷம் மிகுந்த பார்வையாளர்கள் நாயகனை நையாண்டிக்குரியவனாகக் காணாமல், தங்கள் கட்சியைப் பேச வந்தவனாகவே காண முற்பட்டனர் என்று காட்டிற்று. ஆசிரியரின் நல்லெண்ணம் ஹாஸ்யத்திற்குப் போதிய காவலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான ஆதாரம் வேண்டுவதில்லை. ஆகவே, பழைய நகைச்சுவை ஒன்று இன்று எவ்வளவு நிற்கிறது என்று மதிப்பிடுங்கால், அதில் வரும் வசைச்சொற்களை எண்ணிக்கொண்டிராமல், பரிகசிக்கப்பட்டோருக்கு அந்தச் சிரிப்பில் என்ன பங்கு இருந்தது என்று கேட்பதே தக்க வழியென்பது என் துணிபு.

அவ்வாறு கேட்டால், தேம்ஸ் நிறுவனம் 1972 முதல் 1976 வரை ஒளிபரப்பிய 'லவ் தை நெய்பர்' அதிக நேரம் நம்மை நிறுத்தாது. அடுத்தடுத்த வீடுகளில் வாழும் வெள்ளையனும் கறுப்பனும் ஒருவரையொருவர் இழித்துப் பேசினர். வசவு இருதரப்பினதும் என்பதால் அது சமமென்று வாதிக்கப்பட்டது. வேலை தேடியும் வீடு தேடியும் தெருவில் அலைந்த மேற்கிந்தியர்மீது அச்சொற்கள் விழுந்த கனம், வெள்ளையர்மீது விழுந்த கனத்துக்கு ஒருநாளும் ஈடாகவில்லை.

ஜிம்மி பெர்ரியும் டேவிட் கிராஃப்டும் எழுதி, பி.பி.சி. 1974 முதல் 1981 வரை வழங்கிய 'இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்' என்னும் தொடரின் விஷயம் சிக்கலானது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் தேவலாலி இராணுவ முகாமில் இருந்த கலைக்குழுவைப் பற்றிய இக்கதையில், தம்மை ஆங்கிலேயராகவே பாவித்துக்கொள்ளும் ரங்கி ராம் என்னும் இந்திய ஏவலாளாக மைக்கேல் பேட்ஸ் முகத்திற்குச் சாயம் பூசி நடித்தார். ஜான்சியில் பிறந்து, இந்துஸ்தானியும் பேச வல்ல அவருடைய நடிப்பில் பரிவு உண்டென்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே மேடையில் தேநீர் விற்பவராக டீனோ ஷஃபீக்கும், பங்கா இழுப்பவராக பாபர் பட்டியும் நின்றுகொண்டிருந்தனர். தெற்காசிய நடிகர்கள் அருகிலேயே இருக்க, அவர்களுக்குச் சிறு வேடங்களும், முதன்மையான இந்திய வேடம் ஓர் ஆங்கிலேயருக்கும் என்று பங்கிட்ட அந்த ஏற்பாடே, உரையாடலைக் காட்டிலும் இன்று உறுத்துகிறது.

'லவ் தை நெய்பர்' தொடரை எழுதிய இருவருள் ஒருவரான வின்ஸ் பவல், 1977-ல் லண்டன் வீக்கெண்ட் நிறுவனத்திற்காக எழுதிய 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' இக்குறையிலிருந்து ஓரளவு நீங்கிற்று. ஆங்கிலம் பயில வந்த பலநாட்டாரை ஒரு வகுப்பறையில் கூட்டிய அத்தொடரில், சீக்கியரான ரஞ்சித் சிங்காக நடித்தவர் இலங்கையின் கம்பளையில் பிறந்த ஆல்பர்ட் மோசஸ். பாகிஸ்தானியான அலி நதீமாக வந்தவர் டீனோ ஷஃபீக். வேடம் அவர்களுடையதாயிற்று, வசனம் இன்னும் பிறருடையதாகவே இருந்தது. ஒவ்வொரு நாட்டாருக்கும் ஒரு தழும்பேறிய குணமும் ஒரு தவறான உச்சரிப்பும் மட்டும் அளித்த அதை, நிறுவனத்தின் நிர்வாகி மைக்கேல் கிரேட் 1979-ல் நிறுத்தினார்.

வசனமும் உரியவர் கைக்கு வந்தது, சஞ்சீவ் பாஸ்கர், மீரா சியால், குல்விந்தர் கீர், நீனா வாடியா ஆகியோர் வானொலியில் தொடங்கி, 1998-ல் தொலைக்காட்சிக்குக் கொணர்ந்த 'குட்னஸ் கிரேஷஸ் மீ'யில்தான். 1960-ல் பீட்டர் செல்லர்ஸ் இந்திய வைத்தியராக வேடமிட்ட திரைப்படத்தையொட்டி வெளிவந்த பாட்டின் தலைப்பையே அவர்கள் தங்கள் நிகழ்ச்சிக்குச் சூட்டிக்கொண்டனர். இந்திய உணவகங்களில் ஆங்கிலேயர் குடித்துவிட்டு நடந்துகொள்ளும் விதத்தைத் தலைகீழாக்கி, பம்பாயில் ஓர் ஆங்கில உணவகத்துக்குச் சென்று காரமே அற்ற பண்டத்தைக் கேட்கும் இந்தியர்களைக் காட்டிய காட்சி புகழ்பெற்றது. தம் மகனே சிறந்தவன் என்று போட்டியிடும் தாய்மாரையும், ஆங்கிலேயராக மாறிவிட்டதாகப் பாவனை செய்யும் குடும்பத்தையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. என் மதிப்பில், அந்நிகழ்ச்சி வாடாதிருப்பதற்கு இச்சுயவிமரிசனமே பெருங்காரணம்.

2020 ஜூன் மாதத்தில் யு.கே.டி.வி. நிறுவனம், ஜான் கிளீஸ் விடுதிக்காரனாக நடித்த 'ஃபால்டி டவர்ஸ்' தொடரில் 1975-ல் வெளியான ஜெர்மானியர் பற்றிய பகுதியை, வயோதிக மேஜர் ஒருவர் உதிர்க்கும் இன வசவுகளுக்காக விலக்கியது. அம்மேஜரைப் பரிகசிப்பதே நோக்கம் என்று கிளீஸ் வாதாடியது ஸ்பெய்ட்டின் பழைய வாதமே. எனினும், விடுதிக்காரனின் பேச்சால் புண்பட்டு அழும் ஜெர்மானிய விருந்தினளையும் அந்நாடகம் நமக்குக் காட்டுவதால், இங்கு அவ்வாதம் நிற்கிறது. சில நாட்களுக்குள் எச்சரிக்கைக் குறிப்புடன் அப்பகுதி மீட்கப்பட்டது முறையே. ஆனால் அவ்வாறு மீட்க வழியற்றவையும் உண்டு: ஒளிநாடாவை அழித்து மீண்டும் பயன்படுத்திய அக்கால வழக்கத்தால் ஆல்ஃப் கார்னெட்டின் தொடக்கக்காலப் பகுதிகள் பல இன்று முழு உருவில் இல்லை. ஸ்பெய்ட்டின் கட்சியும் அவரைக் கண்டித்தோர் கட்சியும் அவ்விடங்களில் ஒருபோதும் முழுமையாக விசாரிக்கப்பட இயலாமற் போயின.