இலையிலே துரு, மனத்திலே நம்பிக்கை

ஏர்க்காட்டிற்கு நீங்கள் சென்றதுண்டா? சென்றிருந்தால் சேர்வராயன் கோயிலையும் பார்த்திருப்பீர்கள். கடல் மட்டத்திற்கு 5,300 அடிக்கும் மேலே, மலையுச்சியில், ஒரு குகைக்குள் அமைந்த கோயில் அது. குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். அங்கே சேர்வராயனும் காவேரி அம்மனும் வீற்றிருக்கின்றனர். மே மாதத் திருவிழாவிற்கு இம்மலையில் வாழும் ‘மலையாளி’ மக்கள் ஊர் ஊராகத் திரண்டு வருவர். (இவர்கள் கேரளத்தவர் அல்லர்; தமிழ் பேசும் பழங்குடியினர்.)

கோயிலிலிருந்து இறங்கி வரும்போது நாம் காண்பவை காப்பித் தோட்டங்கள். வெள்ளிப் பூசியதுபோன்ற சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள். மரங்களில் பற்றிப் படர்ந்த மிளகுக் கொடிகள். பார்ப்பதற்கு எவ்வளவு அமைதியான காட்சி! ஆனால் இந்தச் செடியின் வரலாறு அமைதியான வரலாறு அன்று. தோற்கும் என்று தெரிந்த பின்னும் மனிதன் ஏன் மீண்டும் மீண்டும் முயல்கிறான் என்ற கேள்விக்கு அதிலே விடை இருக்கிறது.

இலங்கையில் நேர்ந்தது

சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் என்பவர் 1820-ஆம் ஆண்டுகளில் சேர்வராயன் மலையில் காப்பியைப் பயிரிடச் செய்தார். அதே நூற்றாண்டின் நடுவில், கடல் கடந்து இலங்கையின் கண்டி மலைநாட்டில் காப்பி பெருந்தொழிலாக வளர்ந்தது. 1870 வாக்கில் அங்கிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் அந்தர் காப்பி ஏற்றுமதியாயிற்று.

அந்த உச்சத்திற்கு ஓராண்டு முன்னதாகவே, 1869-ல், சில செடிகளின் இலைகளுக்கு அடியில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தூள் தோன்றியது. அது ஒரு காளான். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அதற்குப் பெயரிட்டனர். ‘பாழாக்குவது’ என்பதே இரண்டாம் சொல்லின் பொருள். இலைத்துரு நோய் என்று நாம் அழைப்பது இதைத்தான். நோய்கண்ட இலைகள் உதிரும், இலையிழந்த செடி மெலியும், விளைச்சல் குன்றும்.

எச்சரிக்கை கிடைத்துவிட்டது. தோட்டத் துரைமார்கள் என்ன செய்தார்கள்? காட்டை அழித்து மேலும் மேலும் காப்பி நட்டார்கள்! 1878-ல் பயிரிட்ட பரப்பு சுமார் இரண்டே முக்கால் லட்சம் ஏக்கரை எட்டியது. ஏக்கருக்குக் கிடைத்த விளைச்சலோ இறங்கிக்கொண்டே வந்தது. சந்தையில் விலை ஏறியிருந்ததால் அந்த இறக்கம் உறைக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் ஏற்றுமதி பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் போயிற்று. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884-ல் கதவை மூடியது.

கற்றவர்கள் ஏன் ஏமாந்தார்கள்?

அவர்கள் அறிவிலிகள் அல்லர், கணக்குத் தெரிந்தவர்கள். பின் ஏன் ஏமாந்தார்கள்?

முதற் காரணம் செடியிலேயே இருக்கிறது. காப்பி ஓராண்டு மிகுதியாகக் காய்த்தால், மறு ஆண்டு களைத்துக் குறைவாகக் காய்க்கும். நிறையக் காய்த்துக் களைத்த செடியைத் துரு நோயும் எளிதில் தாக்கும். காய்ப்புக் குறைந்த ஆண்டிலோ செடி சற்றே தேறும். ஆகவே, கெட்ட ஆண்டுகளுக்கிடையே ஒரு நல்ல ஆண்டு எட்டிப் பார்க்கும். “நோய் போய்விட்டது” என்று மனம் துள்ளும். எப்போதாவது கிடைக்கும் பரிசு, எப்போதும் கிடைக்கும் பரிசைவிட ஆசையை நீண்ட காலம் உயிரோடு வைத்திருக்கும். இது சோதனைச் சாலையில் புறாக்களிடமும் கண்டறியப்பட்ட உண்மை.

இரண்டாம் காரணம் நட்டத்தைப் பற்றிய நம் அச்சம். டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற உளநூல் அறிஞர்கள் 1979-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி கேட்டிருந்தனர். நீங்களும் விடை சொல்லிப் பாருங்கள். மூவாயிரம் நட்டம் உறுதி என்பது ஒரு வழி. நாலாயிரம் நட்டமாக நூற்றுக்கு 80 வாய்ப்பு, ஒன்றும் இழக்காமல் தப்ப நூற்றுக்கு 20 வாய்ப்பு என்பது மற்றொரு வழி. எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டாம் வழியின் சராசரி நட்டம் 3,200. அதாவது முதல் வழியைவிட அதிகம். எனினும் நூற்றுக்கு 92 பேர் இரண்டாம் வழியையே தேர்ந்தார்கள்! உறுதியான நட்டத்தை ஒப்புக்கொள்வதைவிட, தப்பிக்கும் சிறு வாய்ப்பைப் பற்றிக்கொள்ளவே மனம் விரும்புகிறது. தோட்டத்தை விற்பது உறுதியான நட்டம்; இன்னும் ஓராண்டு பார்ப்பது சிறு வாய்ப்பு. துரைமார்கள் ஓராண்டு, இன்னும் ஓராண்டு என்று காத்திருந்ததில் வியப்பென்ன?

மூன்றாவது, ‘எனக்கு நேராது’ என்ற எண்ணம். கெட்டவை பிறருக்கும் நல்லவை தமக்கும் நேரும் என்றே கல்லூரி மாணவர்கள் பெரும்பாலும் எண்ணுவதை நீல் வைன்ஸ்டைன் 1980-ல் காட்டினார். ‘என் தோட்டத்திற்கு உரம் நன்றாகப் போடுகிறேன்’ என்பவரும், தலைக்கவசமின்றி வண்டி ஓட்டி ‘நான் பார்த்து ஓட்டுவேன்’ என்பவரும் ஒரே மொழியைப் பேசுகிறவர்களே.

இன்னொரு துணிவு

இங்கே ஒன்றை மறக்கலாகாது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து சென்ற ஏழைகள். மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காலராவுக்குப் பலியானவர்கள் பலர். அந்த ஆபத்து ஊரில் தெரியாததன்று. தெரிந்தே சென்றார்கள். 1876-78 பஞ்சம் சேலம் மாவட்டத்தையும் வாட்டியபோது, ஊரில் தங்குவதும் ஆபத்தாகவே இருந்தது. துரை தோற்றால் இழப்பது முதல். கூலியாள் தோற்றால் இழப்பது உயிர். இருவரும் துணிந்தவர்கள்தாம், ஆனால் ஒருவருக்கு விலகிச் செல்ல வழி இருந்தது, மற்றவருக்கு இல்லை. பிறர் எடுக்கும் ஆபத்தை மடமை என்று சொல்லுமுன் இதை நினைக்க வேண்டும்.

விடாமுயற்சியும் பிடிவாதமும்

அப்படியானால் முயற்சியே தவறா? இல்லை. 1880-ல் இலங்கை வந்த மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலார், காளானின் வித்துகள் காற்றில் பரவி, ஈர இலையில் முளைத்து, இலைத்துளைகள் வழியே நுழைவதை ஆராய்ந்து காட்டினார். 1867-லேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். பின்னர் மற்றவர்களும் அவ்வழி சென்றனர். இலங்கை தேயிலை நாடாயிற்று.

தென்னிந்தியாவிலோ காப்பியைக் கைவிடவில்லை. 1911-ல் மைசூர்ப் பகுதியில் கென்ட் என்ற தோட்டக்காரர் துருவைத் தாங்கிய செடிகளைத் தேர்ந்தெடுத்தார். சில ஆண்டுகளில் அவற்றையும் நோய் பற்றியது. ஏன்? காளானில் பல இனங்கள் உண்டென்பதை 1930-களில் மேய்ன் என்ற விஞ்ஞானி கண்டறிந்தார். பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் 1940-களில் எஸ்.795 என்ற புதிய வகையை அளித்தது. காலப்போக்கில் அதன் தாங்கும் ஆற்றலும் குறைந்தது, ஆராய்ச்சி தொடர்கிறது.

துரைமார்களும் விடாது முயன்றார்கள், விஞ்ஞானிகளும் விடாது முயன்றார்கள். வேறுபாடு எங்கே? முன்னவர்கள் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு சமாதானம் கண்டார்கள். பின்னவர்கள் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் கண்டு, வழியை மாற்றினார்கள். ‘என்ன நேர்ந்தால் இதை நிறுத்துவேன்?’ என்று தொடங்கும்போதே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்பவர், சமாதானங்களுக்கு எளிதில் இரையாக மாட்டார். தேர்வுக்குப் படிப்பவருக்கும் கிணறு வெட்டுபவருக்கும் இது பொருந்தும்.

அடுத்த முறை சேர்வராயனைத் தரிசித்துத் திரும்பும்போது, வழியில் ஒரு காப்பி இலையை மெல்லத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் தென்பட்டால் அது அதே பழைய பகைவன்தான். செடி மேலே பச்சையாகவே இருக்கும். அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறதா என்பதே கேள்வி.