சமுதாயக் கல்லூரியில் சுகாதார அறிவியல்: சேரும் முன் அறிய வேண்டியவை

பெங்களூரு: பத்தாம் வகுப்பையோ பி.யூ.சி.யையோ முடித்து, மருத்துவமனை வேலையை எதிர்நோக்கும் ஈஜிபுரா பகுதி மாணவர்களுக்குச் சமுதாயக் கல்லூரி ஒரு வழியாகத் தோன்றக்கூடும். அதன் சான்றிதழுக்கு எந்த அளவு மதிப்பு உண்டு என்பதைச் சேர்வதற்கு முன்பே அறிந்துகொள்வது அவசியம்.

சமுதாயக் கல்லூரி என்னும் முறை அமெரிக்காவில் உருவானது. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-ல் இத்தகைய முதல் கல்லூரி தொடங்கப்பட்டது. 1952 முதல் அந்நாட்டில் இரண்டாண்டுச் செவிலியப் படிப்பும் வழங்கப்படுகிறது. அதை முடித்தவர்கள் உரிமத் தேர்வெழுதி, பதிவு பெற்ற செவிலியராகவே பணியாற்றலாம்.

இந்தியாவில் முதல் சமுதாயக் கல்லூரி 1995-ல் புதுச்சேரியில் தோன்றியது. பின்னர் தமிழகத்தில் இம்முறை பரவியது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2013-ல் இதற்கெனத் தனித் திட்டம் வகுத்தது. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்களுக்கும் குறைந்த கட்டணத்தில் தொழிற்பயிற்சி தருவதே இதன் நோக்கம். நோயாளிப் பராமரிப்பு, சுகாதார உதவியாளர் போன்ற பாடங்கள் இவ்வகையில் இடம்பெற்றன.

ஆனால், பெயர் ஒன்றாயினும் இங்கு நிலைமை வேறு. ஓராண்டு சுகாதார உதவியாளர் பட்டயம் பெற்றவர் செவிலியர் ஆகிவிட முடியாது. அதற்கு ஏ.என்.எம்., ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. செவிலியம் பயின்று, மாநிலச் செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். விளம்பரங்களில் பெரும்பாலும் விடுபடுவது இந்த விவரமே.

ஆய்வகம், கதிரியக்கம், டயாலிசிஸ் போன்ற துறைகளுக்கு 2021-ஆம் ஆண்டின் தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் பொருந்தும். குறைந்தது 2,000 மணி நேரம் கொண்ட, இரண்டு முதல் நான்கு ஆண்டுக்காலப் பட்டயம் அல்லது பட்டம் பெற்றவரையே துணை சுகாதாரத் தொழில்முறையாளர் என அச்சட்டம் வரையறுக்கிறது. ஆறு மாத, ஓராண்டுப் படிப்புகள் இந்த வரையறைக்குள் வருவதில்லை. எனவே படிப்பின் பெயரைக் காட்டிலும் மணிக்கணக்கே முக்கியம்.

கர்நாடகத்தில் வேறு வழிகளும் உள்ளன. மாநிலத் துணை மருத்துவ வாரியத்தின் கீழ் ஆய்வகத் தொழில்நுட்பம், எக்ஸ்ரே, அறுவை அரங்கு ஆகியவற்றில் பட்டயப் படிப்புகள் நடத்தப்படுகின்றன. அறிவியல் பாடங்களுடன் பி.யூ.சி. முடித்தவர்கள், 1996-ல் நிறுவப்பட்ட ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் துணை மருத்துவப் பட்டப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஈஜிபுராவுக்கு அருகே, 1963-ல் தொடங்கப்பட்ட செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் கோரமங்களா வளாகத்தில் செவிலியப் படிப்பும் உள்ளது. இடங்கள் குறைவு, போட்டி அதிகம்.

இதனால் சமுதாயக் கல்லூரிப் படிப்பு வீண் என்றாகிவிடாது. முதியோர் இல்லங்களிலும் வீட்டுப் பராமரிப்பிலும் பயிற்சி பெற்ற உதவியாளர்களுக்குத் தேவை உள்ளது. குடும்பச் சூழலால் உடனே சம்பாதிக்க வேண்டியவர்களுக்கு இது பொருத்தமான தொடக்கமே.

சேர்க்கையின்போது சான்றிதழ் வழங்கும் அமைப்பு எது, செய்முறைப் பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மணி நேரம் என்பவற்றை எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுவது நல்லது. உளவியல், ஊட்டச்சத்து உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளை 2025-26 கல்வியாண்டு முதல் தொலைநிலை மற்றும் இணையவழியில் நடத்த மானியக் குழு தடை விதித்துள்ளதும் குறிப்பிடத்தக்கது.