நியூபவுண்ட்லாந்து கோட் மீன் இருப்பு மதிப்பீடு

1980களில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் கோட் மீன் இருப்பைக் கணித மாதிரிகளே மதிப்பிட்டன. அவற்றுக்கு இருவகைத் தரவுகள் கிடைத்தன. ஆய்வுக் கப்பல்களின் சோதனைப் பிடிப்பு ஆண்டுதோறும் வெகுவாக ஏறி இறங்கியது. வணிக இழுவைக் கப்பல்களின் மணிநேரப் பிடிப்போ உயர்ந்து காணப்பட்டதால் நம்பகமாகத் தோன்றியது. உண்மையில், எஞ்சிய மீன்கள் நெருங்கித் திரண்ட இடங்களையே அக்கப்பல்கள் தேடிச் சென்றன. ஏறி இறங்கிய தரவே நேர்மையானது. மதிப்பீட்டில் எவ்வளவு ஐயம் உள்ளது என்பதை அதுதான் காட்டியது. ஆனால் பிடிப்பு ஒதுக்கீட்டுக்கு ஒற்றை எண் தேவைப்பட்டது. வலையில் மீன் குறைகிறது என்ற கரையோர மீனவர்களின் எச்சரிக்கைக்குக் கணக்கில் உரிய இடம் கிடைக்கவில்லை. 1992 ஜூலை 2 அன்று அமைச்சர் ஜான் கிராஸ்பி இரண்டாண்டுத் தடை அறிவித்தார். சுமார் 30,000 பேர் வேலையிழந்தனர். தடை அதிகாரபூர்வமாக நீங்கியது 2024-இல்தான்.