பிச்சாவரம்: வெட்டிய காடும் வெட்டிய வாய்க்காலும்

பிச்சாவரம் சதுப்புநிலக் காடு சிதம்பரத்துக்குக் கிழக்கே, வடக்கில் வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் தெற்கில் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே இருக்கிறது. சுரபுன்னை, வெண்கண்டல், தில்லை ஆகியவை இங்குள்ள முக்கிய மரங்கள். தில்லைதான் சிதம்பரம் நடராசர் கோயிலின் தலமரம். சிதம்பரத்தின் பழம்பெயரும் அதுவே. ஊருக்குப் பெயர் தந்த மரம் இப்போது ஊரில் இல்லை, இந்தச் சேற்றில்தான் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம் என்பதால் விறகு வெட்டுபவர்களும் அதை ஒதுக்கிவிடுவார்கள்.

மற்ற மரங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1970கள் வரை காடு கூப்பு எனப்படும் வெட்டுப்பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, முறைவைத்து அடியோடு வெட்டப்பட்டது. வெட்டிய இடம் தானாகத் தழைத்துவிடும் என்பது கணக்கு. மலைக்காட்டுக்குப் பொருந்திய அந்தக் கணக்கு இங்கே பொய்த்தது. நிழல் போனதும் வெயிலில் களிமண் நீரிழந்து சுருங்கித் தாழ்ந்தது. தரை தொட்டிபோலக் குழிந்ததால் ஓதத்தில் உள்ளே வந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கி வற்றியது; உப்பு மட்டும் ஆண்டுக்காண்டு ஏறியது. உமரிச் செடியைத் தவிர வேறெதுவும் அங்கே பிழைக்கவில்லை. மேட்டூர் அணை (1934) போன்ற தேக்கங்களால் கொள்ளிடத்தின் நன்னீர் குறைந்தது உவர்ப்பை மேலும் கூட்டியது.

1975இல் வெளிவந்த 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். படகோட்டிய பிச்சாவரத்துப் பசுமையான கால்வாய்களைத் தமிழகமே பார்த்தது. ஓதம் தவறாமல் தொட்டுப்போகும் கரையோர மரங்கள் செழிப்பாகத்தான் இருந்தன. வழுக்கை விழுந்தது உட்புறத்தில்.

பழி விறகு பொறுக்கியவர்கள் மீதும் மாடு மேய்த்தவர்கள் மீதும் விழுந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வு, சிதைவின் மூலகாரணம் கூப்பு வெட்டுதான் என்று காட்டியது. எனவே நாற்று நடுவதற்கு முன்பாக நீருக்கு வழி செய்ய வேண்டியிருந்தது. ஓடையிலிருந்து குழிந்த நிலத்துக்குள் ஒரு தாய் வாய்க்கால். அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். ஓதம் உள்ளே வந்து உப்பைக் கரைத்துக்கொண்டு திரும்பியது. உவர்ப்பு தணிந்த பின் வாய்க்கால் ஓரங்களில் வெண்கண்டல் நடப்பட்டது.

வனத்துறையும் அந்நிறுவனமும் கிராமங்களில் அமைத்த சதுப்புநிலக் காட்டு மன்றங்களில் ஆண்களும் பெண்களும் சேர்ந்தார்கள். வாய்க்கால் வெட்டுவதும் நடுவதும் காவலும் அவர்கள் பங்காயின. எம்.ஜி.ஆர். நகர் என்ற கிராமத்தின் இருளர்கள் இவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள். வலையில்லாமல், வற்றிய நீரில் இறங்கி இறாலையும் நண்டையும் கைகளால் துழாவிப் பிடிப்பவர்கள். எந்த ஓடையில் நீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது அவர்களுக்குப் பிழைப்பறிவு. 1986க்கும் 2002க்கும் இடையில் மரப்பரப்பு சுமார் 90 சதவீதம் கூடியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலோர மணல்திட்டுக் குடியிருப்புகள் பேரழிவைச் சந்தித்தன. காட்டுக்குப் பின்னால் இருந்தவை பெரும்பாலும் தப்பின. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தினர் 2005இல் இதற்கு மரங்களே காரணம் என்று எழுதினார்கள். கடலிலிருந்து தொலைவும் நிலத்தின் உயரமுமே போதுமான விளக்கம் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். மறுப்பு அறிவியலாளர்களோடு நின்றது. கிராமங்களில் காட்டுக்கு மதிப்பு கூடியது.

2022இல் சுமார் 1,479 ஹெக்டேர் பரப்பு ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வாய்க்கால்களில் வண்டல் படிந்துகொண்டேயிருப்பதால், அவ்வப்போது தூர் வாருவது இன்றும் வேண்டியிருக்கிறது.