கோவாவில் ஒரு ஃபிளாரன்ஸ்

கூட வேலை பார்ப்பவர் ஒருவர் இத்தாலி போய்வந்தார். ஒரு வாரமாக மைக்கேலாஞ்சலோ, பெர்னினி என்று போட்டோ காட்டிக் கொல்கிறார். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன! ஆனால் அந்த ஊர்ச் சிற்பி ஒருவரின் வேலையைப் பார்க்க விசா வேண்டாம் மக்களே. பெங்களூரில் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் கோவா.

பொங்கல் லீவில் அம்மாவோடு போயிருந்தேன். நாங்கள் நாகர்கோவில்காரர்கள். வீட்டில் கும்பிடுவது முருகனை, ஆனாலும் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவை விட்டதில்லை. டிசம்பர் 3 எங்கள் மாவட்டத்துக்கே லீவாச்சே! அந்தச் சவேரியாரின் உடல் பழைய கோவாவில், 1605-ல் அர்ச்சிக்கப்பட்ட போம் ஜீசஸ் பசிலிக்காவில் இருக்கிறது.

உள்ளே போனதும் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பது வெள்ளிப் பேழையை. 1636-37-ல் கோவாத் தட்டார்கள் செய்தது. அது எதன்மேல் நிற்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. நானும் முதல்முறை போனபோது பார்க்கவில்லை (படித்த முட்டாள்!).

கீழே இருக்கிற பளிங்கு மேடை ஃபிளாரன்ஸில் செய்தது. சவேரியார் தலை வைத்திருந்த தலையணை டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோவுக்குக் கிடைத்தது. அதற்குப் பதில் மரியாதையாக அவர் அனுப்பியது இது. கோசிமோ மெடிசி வம்சம். மைக்கேலாஞ்சலோவை ஆதரித்த அதே குடும்பம். செய்தவர் ஜொவான்னி பத்திஸ்தா ஃபொஜ்ஜினி. இளம் வயதில் அவரை ரோமுக்கு அனுப்பிப் படிக்கவைத்ததும் கோசிமோதான். அப்போது பெர்னினி ரோமில் உயிரோடு இருந்தார். வேலைக்குப் பத்து வருடம் பிடித்தது. பிறகு துண்டு துண்டாகக் கப்பலேற்றி, 1698-ல் இங்கே பூட்டினார்கள். பல நிறக் கல்லை இழைத்துப் பொருத்தியிருக்கும் நேர்த்தியைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது.

நாலு பக்கமும் வெண்கலப் புடைப்புச் சிற்பங்கள். சவேரியார் போதிக்கிறார், ஞானஸ்நானம் கொடுக்கிறார், கொல்ல வருபவர்களிடமிருந்து தப்புகிறார், 1552-ல் சீனக் கரையோரத் தீவில் சாகிறார். அம்மாவுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"இதுல நம்ம கடப்புறம் எங்க இருக்கு மக்களே?"

பதில் வரவில்லை எனக்கு. 1542-ல் கோவாவில் இறங்கிய மனிதர் அதே வருடம் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கவைத்து, மனப்பாடம் செய்து, கையில் மணியடித்துக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டினார். 1544 கடைசியில் எங்கள் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதம் எழுதியிருக்கிறார். ஃபொஜ்ஜினி அந்தக் கரையைப் பார்த்ததில்லை. ஃபிளாரன்ஸில் உட்கார்ந்தபடி கீழைநாட்டு ஜனங்களை மனசாலேயே வார்த்துவிட்டார்.

"அந்த ஞானஸ்நானம் வாங்குற ஆளு நம்ம ஊர்க்காரனாத்தான் இருப்பான்" என்று அம்மாவே முடிவு செய்துவிட்டாள். நான் மறுக்கவில்லை.

பத்து வருடத்துக்கு ஒருமுறை சவேரியாரின் உடலைக் கீழே இறக்கிப் பக்கத்துப் பேராலயத்துக்குக் கொண்டுபோவார்கள். கடைசியாக 2024 நவம்பரிலிருந்து 2025 ஜனவரி வரை. அந்தச் சில வாரம் ஃபொஜ்ஜினியின் மேடை சவேரியார் இல்லாமல் நிற்கும். அடுத்தமுறை அப்போது போய்ப் பார்க்கவேண்டும் என்றேன்.

"அதுக்கு எதுக்கு டே போறது? சவேரியார் அங்கல்லா இருப்பாரு" என்றாள் அம்மா.