இரகசியக் காப்பு ஒப்பந்தம்: இராமநாதபுரம் கடற்கரை வணிகத்தில்

ஒரு நிறுவனம் தன் தொழில் விவரங்களை இன்னொரு நிறுவனத்துக்குக் காட்டும்போது, அவற்றைக் குறித்த நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துவோம், பிறருக்குச் சொல்ல மாட்டோம் என்று எழுதி வாங்கும் உறுதியே இரகசியக் காப்பு ஒப்பந்தம். வணிகர்களும் வழக்கறிஞர்களும் இதை என்.டி.ஏ. என்பார்கள். கடைக்கு வந்து பொருள் வாங்குகிறவரிடம் இதற்கு வேலையில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் விற்கும்போது, விலை பேசுவதற்கு முன்பே சரக்கின் உள்விவரத்தை வாங்குகிறவர் கேட்பார். சொன்னால் தொழில் போய்விடுமோ என்ற அச்சம் ஒரு பக்கம், சொல்லாவிட்டால் ஆர்டர் போய்விடுமோ என்ற அச்சம் மறுபக்கம். அந்த இடத்தில்தான் இது தேவைப்படுகிறது.

தொண்டியில் தொடங்கி மண்டபம், பாம்பன், இராமேசுவரம், கீழக்கரை, வாலிநோக்கம் வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில் இத்தகைய மொத்த வணிகம் கடற்பாசி, நண்டு, கணவாய், இறால், உப்பு ஆகியவற்றில் நடக்கிறது. இரகசியத்தின் பயனும் அதற்கு இருக்கவேண்டிய எல்லையும் ஒருசேரத் தெரிவது கடற்பாசியில்தான்.

பாசியும் எழுத்தும்

மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை ஆகியவற்றைப் பெண்கள் மூழ்கி எடுத்து விற்பது பல பத்தாண்டுத் தொழில். அதில் எழுத்து என்று பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. ஊர் ஏஜெண்டு எடை போட்டு வாங்குவார். சரக்கு அகர், ஆல்ஜின் ஆலைகளுக்குப் போகும். முறையான நிறுவன ஒப்பந்தங்கள் வந்தது கப்பாபைகஸ் பாசியோடு.

பிலிப்பைன்ஸைத் தாயகமாகக் கொண்ட இந்தப் பாசியை 1984-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது, பவநகரில் தலைமையகம் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். குஜராத் கரையில் பழக்கப்படுத்தப்பட்ட பாசி, 1990-களின் நடுவில் அந்த நிறுவனத்தின் மண்டபம் நிலையத்தில் வளர்த்துப் பார்க்கப்பட்டது. 2000-களின் தொடக்கத்தில் பெப்சிகோ இந்தியா நிறுவனம் இத்தொழிலில் இறங்கி, மகளிர் சுய உதவிக் குழுக்கள் மூலம் ஒப்பந்தச் சாகுபடியைத் தொடங்கியது. 2008-இல் தொழில் அக்வாக்ரி நிறுவனத்தின் கைக்கு மாறியது. மண்டபம் பக்கம் இன்றும் பலர் இதைப் ‘பெப்சி பாசி’ என்றே சொல்கிறார்கள்.

வளர்க்கும் முறையில் ஒளிக்க ஒன்றுமில்லை. 3 மீட்டருக்கு 3 மீட்டர் மூங்கில் தெப்பம். குறுக்கே வரிசையாகக் கயிறுகள். கயிற்றில் கட்டிய விதைப்பாசி ஏறத்தாழ 60 கிலோ. மீன் கொறிக்காதிருக்க அடியில் பழைய வலை. 45 நாளில் அறுவடை. கரையில் நடந்து போகிற எவரும் இதைப் பார்க்கலாம். ஊரே பார்க்கக்கூடிய ஒன்றை எந்த ஒப்பந்தமும் இரகசியமாக்கிவிட முடியாது.

இரகசியம் தொடங்குவது அறுவடைக்குப் பிறகு. ஈரப்பாசியை அரைத்து வடித்தால் கிடைக்கும் சாறு பயிர் ஊக்கியாகிறது. எஞ்சும் சக்கையிலிருந்து ஐஸ்கிரீமும் பற்பசையும் செய்வோர் வாங்கும் கராஜீனன் எடுக்கப்படுகிறது. ஒரே பாசியிலிருந்து இரண்டையும் எடுக்கும் இந்த முறைக்கு மத்திய உப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பாளர்களாக, 2005-இல் 6893479 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. காப்புரிமை ஆவணம் எல்லோரும் படிக்கக் கூடியது. முறையை வெளியே சொல்வதற்கு ஈடாகத்தான் குறித்த காலத்துக்குத் தனியுரிமை தரப்படுகிறது. ஆகவே ஆவணத்தில் அச்சான எதையும் என்.டி.ஏ.வால் மூட முடியாது.

ஆனால் காப்புரிமையைப் படித்த மாத்திரத்தில் ஆலை ஓடிவிடாது. பறித்த பாசியை எத்தனை மணி நேரத்துக்குள் அரைப்பது, எந்தக் கடற்பகுதிப் பாசி எந்த மாதத்தில் நன்றாகச் சாறு விடும், டேங்கர் வெயிலில் போகும்போது சாறு புளிக்காமல் எப்படிக் காப்பது, ஒரு லிட்டருக்கு அடக்க விலை எவ்வளவு என்பவை ஆலைக்காரர் பட்டுத் தெரிந்துகொண்டவை. விற்பனைப் பேச்சில் வாங்குகிறவர் தோண்டித் தோண்டிக் கேட்பதும் இவற்றைத்தான். என்.டி.ஏ.வின் உண்மையான வேலை இந்தக் கைப்பக்குவத்தைக் காப்பது.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பும் இதற்குப் பெரிய பங்குண்டு. விண்ணப்பம் போடாத புதுமுறையைக் கட்டுப்பாடின்றி வெளியே சொல்லிவிட்டால், அதன் புதுமையே கேள்விக்குள்ளாகும். ஆய்வுக்கூடத்தில் புதிதாக ஒன்றைச் செய்தவர், கொள்முதல் செய்ய வருகிறவரிடம் காட்டுமுன் கையெழுத்து வாங்கியே ஆகவேண்டும்.

விற்பனைப் பேச்சில்

தொண்டிப் பக்கம் பாசிச் சாறு எடுக்கும் சிறு ஆலை ஒன்று, வெளியூர் உர நிறுவனத்துக்கு விற்க முயல்வதாக வைத்துக்கொள்வோம். உர நிறுவனம் முதலில் ஐந்து லிட்டர் மாதிரி கேட்கும். பிறகு ஆய்வக அறிக்கை, மாத உற்பத்தி அளவு, பாசி எந்த ஊர்களிலிருந்து வருகிறது என்ற பட்டியல் ஆகியவற்றைக் கேட்கும். கடைசியாக ஆலையை நேரில் பார்க்க ஆள் அனுப்பும். இந்த வரிசையில் ஆபத்து படிப்படியாகக் கூடுகிறது. தெரிந்த விற்பனையாளர்கள் முதல் பேச்சில் என்.டி.ஏ. கேட்பதில்லை, பொதுவான தரவுத்தாளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஊர்ப் பட்டியலும் ஆலைக் கதவும் திறக்கும் முன்புதான் கையெழுத்து. எடுத்த எடுப்பில் ஒப்பந்தத்தை நீட்டினால் பல நிறுவனங்கள் அதைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடும்.

இங்கே அதிகம் கவனிக்கப்படாத ஷரத்து மாதிரியைப் பற்றியது. சந்தையில் நேர்மையாக வாங்கிய பொருளைப் பகுத்து ஆராய்ந்து, அதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதைச் சட்டம் பொதுவாகக் குற்றமாகப் பார்ப்பதில்லை. இலவச மாதிரியை வாங்கிய நிறுவனமும் அதைச் செய்யக்கூடும். தரச் சோதனைக்கு மேல் பகுப்பாய்வு செய்யக்கூடாது, மிச்சத்தைத் திருப்பித் தரவேண்டும் அல்லது அழித்ததாக எழுதித் தரவேண்டும் என்று ஒரு வரி இருந்தால் அந்த வழி அடைபடும்.

இரகசியம் வாங்குகிறவரிடமும் உண்டு. சாற்றை எந்த உரத்தோடு கலக்கப்போகிறார், எந்தப் பருவத்தில் சந்தைக்கு விடுவார், டீலர் விலை என்ன என்பதெல்லாம் விற்பவர் காதுக்கு வரும். ஆகவே இருபக்க ஒப்பந்தமே முறை. நடப்பில் படிவத்தை எழுதுவது பெரிய நிறுவனம். அது இருபக்கம் என்ற தலைப்போடு வந்தாலும் உள்ளே ஒருபக்கமாகவே இருப்பதுண்டு. எங்கள் ஊழியர்களின் நினைவில் தங்கியவை இரகசியத்தில் சேரா என்று ஒரு வரி அதில் இருந்தால், ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன பொறியாளரை எதுவும் கட்டுப்படுத்தாது. சிறு விற்பனையாளர் அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லியாவது போராட வேண்டும்.

நிறுவனம் கைமாறினால் இரகசியம் யாருக்குப் போகும் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். 2008-இல் இக்கரையில் நடந்ததுபோல வாங்குகிறவர் தொழிலையே வேறொருவருக்கு விட்டுச்செல்லக் கூடும்.

சட்ட நிலை

தொழில் இரகசியத்துக்கென்று தனிச்சட்டம் இல்லாமலே இந்தியாவில் இந்த ஒப்பந்தங்கள் நடந்துவருகின்றன. உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்பாட்டின் 39-ஆம் பிரிவு, வெளியிடப்படாத தகவலைக் காக்கும் கடமையை உறுப்பு நாடுகளுக்கு விதிக்கிறது. இங்கே அந்தக் கடமை 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் வழியாகவும், நம்பிக்கை மீறல் குறித்த நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியாகவும் நிறைவேறுகிறது. தனிச்சட்டம் வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது.

நிறுவனங்களுக்கு இடையிலான விற்பனைக்கு மிக நெருக்கமான வழக்கு, தில்லி உயர் நீதிமன்றம் 1987-இல் தீர்த்த ஜான் ரிச்சர்ட் பிராடி வழக்கு. கால்நடைத் தீவனம் வளர்க்கும் இயந்திரத்தை வடிவமைத்தவர், அதற்கு வேண்டிய வெப்பத் தடுப்புப் பலகைகளை வாங்குவதற்காக ஒரு நிறுவனத்திடம் வரைபடங்களையும் நுட்ப விவரங்களையும் நம்பிக் கொடுத்தார். கொள்முதல் கைகூடவில்லை. பின்னர் அந்த நிறுவனமே அதேபோன்ற இயந்திரத்தைச் செய்ய, நீதிமன்றம் தடை விதித்தது. விற்பனை முடியாமல் போனாலும் பேச்சுக்காலத்தில் கொடுத்த விவரத்துக்குக் காப்பு உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மறுபக்கத்து வேலி. ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. எங்கள் விவரத்தை வெளியே சொல்லாதே என்று எழுதலாம். இனி யாரிடமும் பாசி வாங்காதே என்று என்.டி.ஏ.வுக்குள் நுழைத்தால் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். மீறினால் இவ்வளவு தொகை என்று எழுதியிருந்தாலும் அது முழுவதும் கிடைத்துவிடாது. 74-ஆம் பிரிவின்படி அந்தத் தொகை உச்சவரம்பு, அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும். இழப்பை ரூபாயில் காட்டுவது கடினம் என்பதால் பெரும்பாலோர் நாடுவது இடைக்காலத் தடையாணையை. முத்திரைக் கட்டணம் செலுத்தாத ஆவணத்தைச் சான்றாக ஏற்க மாட்டார்கள் என்பதைப் பலர் வழக்கு வந்தபிறகே அறிகிறார்கள்.

மூடக்கூடாதவை

நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் நடுவே நியாயமாக இருக்கும் இரகசியம், தெப்பம் கட்டும் பெண்ணின் பக்கம் திரும்பும்போது அநியாயமாகிவிடலாம். ஏறத்தாழ 10 கிலோ ஈரப்பாசி காய்ந்தால் 1 கிலோ உலர்பாசி. காய்ச்சல் பதம் போதாது, மண் கலந்திருக்கிறது என்று சொல்லி எடையைக் கழிப்பது கொள்முதலில் அன்றாடம். அந்தக் கழிவு எந்த அளவுகோலில் போடப்படுகிறது, ஈரப்பதம் எத்தனை விழுக்காடு வரை ஏற்கப்படும் என்பதை ஆலைக்கும் வாங்கும் நிறுவனத்துக்கும் இடையிலான தரக் குறிப்பு முடிவு செய்கிறது. அந்தக் குறிப்பு இரகசிய முத்திரைக்குள் போய்விட்டால், தன் கூலி எப்படிக் கணக்கிடப்பட்டது என்று கேட்கும் உரிமையே அவருக்கு இல்லாமல் போகிறது. விற்பனை விலை இரகசியமாக இருக்கலாம். எடைபோடும் விதி இரகசியமாக இருக்கக்கூடாது.

இதற்கு எதிர்த்திசையிலும் இக்கரையில் முன்னுதாரணம் உண்டு. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதியோடு பெப்சிகோ பாசியை ஏற்றுமதி செய்தபோது, ஏற்றுமதி மதிப்பில் 5 விழுக்காட்டைப் பயன்பகிர்வாகச் செலுத்த ஒப்புக்கொண்டது. அந்த விகிதம் வெளியில் தெரிந்தது. வளர்த்தவர்களுக்குப் பங்கு போயிற்று. பெருநிறுவனத்தின் வணிகம் அதனால் கெட்டுவிடவில்லை.

கடலுக்கு என்ன ஆயிற்று என்பதையும் மூட இடமில்லை. கப்பாபைகஸ் வெளிநாட்டுப் பாசி. 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்றான குருசடைத் தீவில் அது பவளப்பாறைகளின் மேல் படர்ந்ததை, 2008-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு பதிவு செய்தது. அதற்கு முன்பே, 2005 டிசம்பரில் வந்த தமிழக அரசாணை, இப்பாசி வளர்ப்பைப் பாக் விரிகுடாவின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள கடலுக்கும் மட்டும் ஒதுக்கியது. எந்தத் தெப்பம் எந்தக் கடலில் மிதக்கிறது என்பதை வணிக இரகசியம் என்று எவரும் கோர முடியாது.

அரசு நிறுவனங்களோடு செய்யும் ஒப்பந்தத்துக்கு இன்னொரு வரம்பு உண்டு. வாலிநோக்கத்தில் உப்பு எடுக்கும் தமிழ்நாடு உப்புக் கழகமும், மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கும் மத்திய ஆராய்ச்சி நிறுவனங்களும் 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. வணிக நம்பிக்கையும் தொழில் இரகசியமும் அச்சட்டத்தின் 8(1)(ஈ) பிரிவில் விலக்குப் பெறுகின்றன. ஆனால் பெரும் பொதுநலன் வேண்டினால் விலக்கு நிற்காது.

நண்டு, இறால் ஏற்றுமதியில் நிலைமை சுருக்கமானது. வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரும் விலையுமே அங்கே இரகசியம். ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கடல் மீன்பிடிப் பொருளுக்குப் பிடிச்சான்று கேட்பதால், எந்தப் படகு எங்கே பிடித்தது என்பது ஆவணத்தில் ஏறியாக வேண்டும். சட்டம் கேட்கும் தகவலைத் தருவது மீறலாகாது என்ற வரி இல்லாத என்.டி.ஏ.வை ஏற்றுமதியாளர் தொடவே கூடாது.

வளமாவூர் பூங்கா

திருவாடானை வட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. திட்ட மதிப்பு 127 கோடி ரூபாய்க்கு மேல். இத்தகைய இடத்தில் சிறு தொழில்முனைவோர் அருகருகே அமர்ந்து, பொதுவான ஆய்வு வசதிகளைப் பயன்படுத்தும் நிலை வரும்போது, ஒருவர் மாதிரி இன்னொருவர் கண்ணில் படாமல் காப்பது அன்றாடத் தேவையாகிவிடும். ஆங்கிலத்தில் பல பக்கத்துக்கு வரும் படிவத்தில் புரியாமல் கையெழுத்துப் போடும் நிலை அங்கே தொடரக்கூடாது. இரண்டு பக்கத்துக்கு மிகாத தமிழ் மாதிரிப் படிவம் ஒன்றை மீன்வளத் துறை வெளியிட வேண்டும். எடைபோடும் விதியும், வளர்ப்பவருக்குத் தரும் விலையும், கடல் நிலை பற்றிய தகவலும் எக்காரணம் கொண்டும் இரகசியமாகா என்பது அதன் முதல் ஷரத்தாக இருக்கட்டும்.