கீழ்க்கட்டுப்பல்லின் வரலாறு

பல் போனால் சொல் போச்சு என்பது நம் நாட்டுப் பழமொழி. எழுத்துக்களின் பிறப்பை ஆராய்ந்த தொல்காப்பியரும் பல்லை ஒலியுறுப்புக்களுள் ஒன்றாக எண்ணினார். சொல் மட்டுமா போகிறது? பல் இழந்த முதியவர் பந்தியில் அமரவும் தயங்குகிறார். விருந்து நாளிலும் குழைந்த சோற்றைத் தனியே உண்டு எழுகிறார். இக்குறையைத் தீர்க்கக் கீழ்த்தாடையில் கட்டுப்பல்லை நிலைநிறுத்த மனிதன் முயன்ற வரலாற்றையே இன்று மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

மேல்தாடைக் கட்டுப்பல்லுக்கு அகன்ற அண்ணம் துணை நிற்கிறது. ஈரமான இரு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதுபோலத் தட்டும் அண்ணமும் உமிழ்நீரால் ஒட்டிக்கொள்கின்றன. கீழ்த்தாடைக்கு அவ்வாய்ப்பு இல்லை. குதிரை லாடம் போன்ற ஒடுங்கிய மேட்டின்மீது தட்டு அமரவேண்டும். உள்ளிருந்து நாவும் வெளியிலிருந்து கன்னமும் உதடும் அதனை ஓயாது தள்ளும். பல் போனபின் அம்மேடும் ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டே வரும். 25 ஆண்டுக் கால மாற்றங்களை அளந்து தால்கிரேன் என்னும் அம்மையார் 1972இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கட்டுப்பல் அணிந்தோரின் கீழ்த்தாடை முன்பகுதி, மேல்தாடை முன்பகுதியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்ந்திருந்ததை அது காட்டிற்று.

முற்காலத்தார் இச்சிக்கலுக்கு வில்லின் விசையை நாடினர். பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார், 1728இல் வெளிவந்த தம் நூலில், தட்டுக்களை வில்லால் இணைக்கும் முறையை விளக்கினார். அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் பதவியேற்றபோது அவருக்கு எஞ்சியிருந்தது ஒரே ஓர் இயற்கைப் பல். அவருடைய கட்டுப்பல் மரத்தால் ஆனது என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தமும் ஈயமும் மனிதப் பற்களுமே அவருக்காகப் பயன்பட்டன. தட்டுக்களுக்கு இடையே இருந்த வில் அவற்றை எந்நேரமும் விலக்கித் தள்ளியது. ஆகவே வாயை மூடி வைத்திருப்பதற்கே அப்பெருமகனாரின் தாடைத் தசைகள் உழைக்க வேண்டியிருந்தது.

திருப்பம் 1952இல் ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரில் நேர்ந்தது. எலும்பில் குருதி ஓடுவதைக் காண விரும்பிய பெர்-இங்வார் பிரோனெமார்க் என்னும் ஆராய்ச்சியாளர், முயலின் காலெலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதை எடுக்க முயன்றபோது வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒன்றி வளர்ந்திருந்தது! 1965இல் அவர் கோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். 2006இல் லார்சன் மறையும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அவை பயன்பட்டன.

அசையாத நங்கூரம் கிடைத்துவிட்டது. இனிக் கட்டுப்பல்லை அதனோடு இறுகப் பூட்டிவிட்டால் போதாதோ என்று நீங்கள் வினவலாம். நெம்புகோல் பாடத்தைக் கரும்பலகையில் பல்லாண்டு நடத்தியவன் என்ற முறையில் விடை கூறுகின்றேன். முன்புறத்தில், கோரைப்பற்கள் இருந்த இடங்களில், இரண்டு திருகுகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். அவற்றை இணைக்கும் கோடே சுழல் அச்சு. கடைவாயில் உணவை மெல்லும்போது, தட்டின் பின்பகுதி மெத்தென்ற ஈற்றில் சற்றே அமிழும். திருகோ எலும்போடு ஒன்றியது, அது அமிழாது. தட்டு இறுகப் பூட்டப்பட்டிருந்தால், ஒவ்வொரு கடியும் நீண்ட நெம்புகோலாகித் திருகையும் அதைச் சூழ்ந்த எலும்பையும் வருத்தும்.

ஆதலின் இணைப்பு கீல்போல் இயங்கவேண்டும். தட்டு மேலே எழாமல் பிடிக்கவேண்டும், பின்புறம் அமிழும்போது சுழலவும் விடவேண்டும். ஒரு முறையில், திருகின் தலையில் சிறு குண்டு இருக்கும். தட்டிலுள்ள ரப்பர் வளையம் அதைக் கவ்வும். நம் இடுப்பு மூட்டின் அமைப்பும் இத்தகையதன்றோ? மற்றொரு முறையில், இரு திருகுகளையும் ஓர் உலோகத் தண்டு இணைக்கும். தட்டிலுள்ள கவ்வி அதைப் பற்றிக்கொண்டு சுழலும். முட்டைபோன்ற குறுக்குவெட்டுடைய அத்தகைய தண்டு ஒன்று, சுவிட்சர்லாந்தின் டோல்டர் என்பவர் பெயரால் வழங்குகிறது. காந்தத்தாலும் பிடிப்பதுண்டு, ஆயின் அது பக்கவாட்டு விசைக்கு எளிதில் வழுக்கும். ரப்பர் வளையமும் கவ்வியும் நாளடைவில் தேயும், மாற்றிக்கொள்ளலாம். எலும்பைக் காக்க எளிய உறுப்பு ஒன்று தேய்வது நல்ல ஏற்பாடே.

2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லற்ற கீழ்த்தாடைக்கு இருதிருகுக் கட்டுப்பல்லே முதல் தேர்வாகட்டும் என்றனர். எனினும் செலவு மிகுதியால் அது இன்னும் முதியோர் பலருக்கு எட்டாக் கனியாகவே உள்ளது. அதனை எளியோர்க்கும் எட்டச்செய்யும் பணி உங்கள் தலைமுறைக்கு உரியது. அதுவரை, உங்கள் வீட்டுப் பாட்டனார் கீழ்க்கட்டுப்பல்லைக் கழற்றிக் கிண்ணத்தில் இட்டுவிட்டு உண்ண அமர்ந்தால் நகையாதீர்கள். நெம்புகோலோடு நாள்தோறும் போராடிக் களைத்தவர் அவர். அருகில் அமர்ந்து அவரோடு மெதுவாக உண்ணுங்கள்.